கேஸ் வாடை வந்தால் ஃபேன் போடலாமா?

ஓய்வு பெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: போன வாரம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பையனைப் பள்ளி வேனில் ஏற்றப் போயிருந்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. திரும்பி வந்தால் வீடெல்லாம் கேஸ் வாடை. "ஃபேன் போட்டுட்டேன், இப்ப போயிடும்" என்றார் என் மாமியார். அவருக்கு வயது 71. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அவர் செய்தது சரியா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சரியில்லை அம்மா. ஆனால் மாமியாரைக் கடிந்துகொள்ளாதீர்கள். இருட்டினால் லைட், வாடை அடித்தால் ஃபேன் என்று கை தானாகவே ஸ்விட்சுக்குப் போகும். நாற்பது வருடப் பழக்கம் அது.

ராத்திரியில் ஸ்விட்சைத் தட்டும்போது அதன் இடுக்கில் நீலமாக ஒரு பொறி மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் 100 பங்குக்கு 2 பங்கு கேஸ் கலந்திருந்தாலே அந்தப் பொறியில் பற்றிக்கொள்ளும். போடும்போது மட்டுமல்ல, அணைக்கும்போதும் பொறி வரும். ஓடுகிற ஃபேனை நீங்கள் பதறிப்போய் நிறுத்தியிருந்தாலும் அதே ஆபத்துதான்.

இன்னொன்று, சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பாமல், கொட்டிய தண்ணீர் மாதிரி தரையோடு பரவும். தஞ்சாவூரில் வேலை பார்த்தபோது ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒரு வீட்டுக்கு ஓடினோம். அடுப்படியில் யாரும் தீக்குச்சி உரசவே இல்லை. நாலு எட்டு தள்ளி, பூஜை அறைத் தரையில் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேஸ் அதுவரை ஊர்ந்து போய், பற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. சுவர் முழங்கால் உயரத்துக்குத்தான் கருகியிருந்தது. அதற்கு மேலே தினசரி காலண்டரில் ஒரு தாள்கூடக் கருகவில்லை. அந்த அம்மாவுக்கு இரண்டு கணுக்காலிலும் தீக்காயம். அந்தக் காலண்டரை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் வாடை வந்தால் முதலில் அடுப்புக் குமிழையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். விளக்கு, ஊதுபத்தி எரிந்தால் அணையுங்கள். ஜன்னலோடு நிற்காமல் கதவுகளை அகலத் திறங்கள். கேஸ் தரையோடுதானே வெளியேற வேண்டும்? பிறகு எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் தானாகவே ஓடும், நிற்கும். அதிலும் பொறி உண்டு. அதனால் உள்ளே நின்று காத்திருக்க வேண்டாம். வாசலுக்கு யாராவது வந்தால் காலிங் பெல்லை அழுத்த விடாதீர்கள். மெயின் ஸ்விட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் அணைக்கலாம், உள்ளே இருந்தால் தொடாதீர்கள். செல்போனையும் வெளியே வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். கேஸ் கசிவுக்கு 1906, எந்த நேரமும் கூப்பிடலாம். தீ பிடித்துவிட்டால் 101 அல்லது 112.

இன்று சாயந்திரமே மாமியாரை ஒருமுறை ரெகுலேட்டரை மூடித் திறக்கச் சொல்லிப் பாருங்கள். முட்டிவலியோடு அவரால் குனிய முடிகிறதா? சிலிண்டருக்கு முன்னால் அரிசி மூட்டை நிற்கிறதா? வயதானவர்களுக்கு வாடை தெரிவதும் குறைந்துவிடும். வெளியே கிளம்பும்போது, இரண்டே நிமிடம் என்றாலும், அடுப்பை அணைத்துவிட்டே கிளம்புங்கள்.

கேள்வி: தீபாவளிக்கு முறுக்குச் சுடும்போது எண்ணெய் பற்றிக்கொண்டால் என்ன செய்வது?

பதில்: அடுப்பை அணைத்துவிட்டு, வாணலியைவிடப் பெரிய தட்டை ஓரமாகக் கொண்டுவந்து நகர்த்தி மூடுங்கள். எண்ணெய் நன்றாக ஆறும்வரை திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் மறுபடி பற்றும். தண்ணீர் கூடவே கூடாது. அது எண்ணெய்க்கு அடியில் இறங்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் 1,700 மடங்கு ஆவியாக விரிந்து, எரிகிற எண்ணெயைக் கூரைவரை வாரி இறைக்கும். வாணலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுவதும் வேண்டாம். கையில் சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க் எதுவும் தடவாதீர்கள்.

கேள்வி: சிலிண்டருக்கும் டியூபுக்கும் காலாவதி உண்டா?

பதில்: டியூபுக்கு உண்டு. சிலிண்டருக்கு இருப்பது, அதை மறுபடி சோதிக்க வேண்டிய கெடு. சிலிண்டரின் கைப்பிடிக்குக் கீழே, உள்பக்கப் பட்டையில் ஓர் எழுத்தும் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஜூன் வரை, சி என்றால் செப்டம்பர் வரை, டி என்றால் டிசம்பர் வரை. அந்தத் தேதி தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். ரப்பர் டியூபை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நடுவில் வெடிப்புத் தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சோப்புத் தண்ணீரைத் தடவினால் போதும், குமிழி வரும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.