ஜன்னல் வைத்த அறை

கேள்வி: பிராக் நகரத்துக்குச் சுற்றுலா போகிறோம். கோட்டை தெரிகிற ஜன்னல் உள்ள அறைக்குக் கூடுதலாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? அந்த ஊரின் குணம் எப்படி?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: பிராக் போகிறவர் ஜன்னலைக் காசு கொடுத்துக் கேட்டு வாங்குவதா! அந்த ஊரில் ஜன்னல் காற்றுக்கு மட்டுமல்ல, பிடிக்காத அதிகாரியை அனுப்பி வைக்கவும்தான்.

ஆனால் முதலில் ஒரு முன்ஜாமீன். ‘ஜன்னல்’ என்று அச்சாகும்போதெல்லாம் ‘சாளரம்’ என்று திருத்தி, சிவப்பு மையில் அஞ்சலட்டை போடும் தமிழாசிரியர் ஒருவர் எனக்கு உண்டு. பதினோரு வருடப் பகை. ஐயா, ஜன்னல் போர்த்துகீசியச் சொல்தான், ஒப்புக்கொள்கிறேன். சாவியும் அலமாரியும் அதே கப்பலில் வந்தவை. அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கடலில் எறிந்துவிட்டு வாருங்கள், அப்புறம் ஜன்னலைப் பற்றிப் பேசலாம்.

எங்கே விட்டேன்? எறிதல். மதச் சீர்திருத்தம் பேசிய யான் ஹுஸை 1415-இல் கான்ஸ்டன்ஸில் உயிரோடு எரித்தார்கள். கோபம் பிராக்கில் புகைந்தது. 1419 ஜூலையில், சிறையில் இருந்த தங்கள் ஆட்களை விடச் சொல்லி ஹுஸின் வழி வந்தவர்களான ஹுஸைட்டுகள் நகர்மன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். பேச்சு முற்றியது. கவுன்சிலர்கள் ஜன்னல் வழியாகக் கீழே வந்தார்கள். யாரும் பிழைக்கவில்லை. சரி, ஏதோ ஆத்திரம் என்று விடலாம். 1483-இல் மறுபடியும்!

உலகம் நினைவில் வைத்திருப்பது 1618 மே 23. புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் கோட்டைக்குள்ளேயே நுழைந்து, கத்தோலிக்கப் பேரரசரின் பிரதிநிதிகளான ஸ்லவாட்டாவையும் மார்ட்டினிட்ஸையும் தூக்கி வெளியே போட்டார்கள். சுமார் 20 மீட்டர் உயரம். இருவரும் பிழைத்தார்கள். மாதா தாங்கிப் பிடித்தாள் என்றார்கள் கத்தோலிக்கர்கள். எருக்குவியல் தாங்கியது என்றார்கள் மற்றவர்கள். பின்னாலேயே வந்த போர் 30 வருடம் ஓடி, பாதி ஐரோப்பாவைச் சுடுகாடாக்கியது. பிராக்குக்குக் கணக்கு சீக்கிரமே தீர்க்கப்பட்டது: 1621-இல் பழைய நகரச் சதுக்கத்தில் கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேருக்கு மரண தண்டனை. தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். எல்லோரும் வானியல் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தபடி அவற்றை மிதித்துக்கொண்டு போகிறார்கள்; நீங்கள் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.

1948 மார்ச்சில் வெளியுறவு அமைச்சர் யான் மசாரிக், அமைச்சக மாளிகையின் ஜன்னலுக்குக் கீழே இறந்து கிடந்தார். தற்கொலை என்றது கம்யூனிஸ்ட் அரசு. அந்த ஊர்க்காரர்களிடம் போய் ஜன்னல் கதை சொன்னால் நம்புவார்களா?

குணம் கேட்டீர்கள். நெடுநாள் பொறுப்பார்கள், முணுமுணுப்பார்கள், பியர் குடிப்பார்கள் (தலைக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கில் உலகிலேயே முதலிடம் செக்காரர்களுக்குத்தான்). அப்புறம் ஒருநாள் ஜன்னல் பக்கம் நடப்பார்கள்.

இந்தக் கதையில் என் ஆள் வேறு. 1618-இல் மூன்றாவதாக ஒருவரையும் வீசினார்கள்: செயலாளர் ஃபிலிப் ஃபாப்ரிசியஸ். கையெழுத்துப் போடுகிறவர் மேலே, எடுத்து எழுதுகிறவர் பக்கத்தில், விழும்போது மட்டும் சரிசமம். எங்கள் உதவி ஆசிரியரைக் கேட்டால் விவரமாகச் சொல்வார். ஃபாப்ரிசியஸ் தூசியைத் தட்டிக்கொண்டு வியன்னா போய்ப் பேரரசரிடம் நடந்ததைச் சொன்னார். பிறகு அவருக்குப் பிரபுப் பட்டமே கிடைத்தது. பட்டத்தின் பொருள், ‘உயர்வீழ்ச்சியார்’! கேலியா, பெருமையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கோட்டையில் அந்த அறை இருக்கிறது. போய் எட்டிப் பாருங்கள். கீழே தோட்டத்தில் இரண்டு நினைவுத் தூண்கள். ஸ்லவாட்டாவுக்கு ஒன்று, மார்ட்டினிட்ஸுக்கு ஒன்று.