கொத்துக்கறி சாண்ட்விச்: முதலில் தண்ணீரை வற்ற விடுங்கள்

வணக்கம் சகோதரி. ஆறரைக்கு வேலை விட்டு வந்து அரைக் கிலோ மாட்டுக் கொத்துக்கறியை வதக்கினால் தண்ணீர் விட்டு ரொட்டி கூழாகிவிடுகிறது, பிள்ளைகள் தொடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டிலும் வாரத்தில் ஒரு நாள் இதுதான் இரவுச் சாப்பாடு.

தவறு குவாலியில்தான், அதாவது வதக்கும் வாணலியில்தான். குளிர்ந்த கறியை மொத்தமாகக் கொட்டினால் சூடு இறங்கி, கறி தன் சாற்றிலேயே வேகும். குவாலி நன்றாகக் காய்ந்ததும் பாதியை மட்டும் பரப்புங்கள், இரண்டு நிமிடம் கிளற வேண்டாம். முதலில் சலசலவென்று கேட்கும். தண்ணீர் வற்றியதும் அந்தச் சத்தம் படபடவென்று பொரிகிற மாதிரி மாறும். அப்போது உதிர்த்துவிட்டு, எடுத்து வைத்து, மீதியைப் போடுங்கள். உறைந்த கறியென்றால் காலையிலேயே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள், மேசை மேல் வைக்காதீர்கள். உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. கொத்துக்கறிக்கு 71 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும்.

அப்புறம் வெங்காயம், இரண்டு தேக்கரண்டி கறித்தூள், கொஞ்சம் சில்லி சாஸ், கடைசியில் உப்பு. ரொட்டியின் உள்பக்கத்தில் வெண்ணெய் தடவி அதே குவாலியில் கவிழ்த்துச் சுடுங்கள்; சாறு இறங்காது.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது ரொட்டி ஜான்தான். வதக்கிய கறியில் மூன்று முட்டை அடித்து ஊற்றி, மேலே நீள ரொட்டியைப் பிளந்து அமுக்குங்கள். முட்டை கறியைப் பிடித்துக்கொள்ளும், ஒன்றும் சிந்தாது. மாட்டிறைச்சி சாப்பிடாத விருந்தாளி வந்தால் கோழிக் கொத்துக்கறியிலும் இதே முறைதான், ஆனால் 74 டிகிரி வரை வேக வையுங்கள்.