சிக்கல் அலர்ட்

வள்ளியூர்த் தம்பிக்கு,

நீ லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து மூன்று வாரம் ஆகிறது. வாடகை எங்கே குறைவு, கோயில் எங்கே, ஃப்ரீவேயில் எவனாவது இடித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். வாடகை எங்கேயும் குறைவில்லை. கோயிலுக்கு மாலிபு கோயில் என்று பெயர், இருப்பது கலபசாஸில். இடியைப் பற்றி நான் சொல்லலாம், வாங்கியவன் ஆயிற்றே.

2009-இல், வந்த இரண்டாவது மாதம், 405 ஃப்ரீவேயில் ஊர்ந்துகொண்டிருந்த என் பழைய கொரோலாவைப் பின்னால் வந்தவன் இடித்தான். வண்ணார்பேட்டையில் செய்வதையே செய்தேன். நடு லேனில் கதவைத் திறந்து இறங்கி, "கண்ணு தெரியலையாவே?" என்று தமிழிலேயே கத்தினேன். பக்கத்து லேன் லாரி என் சட்டையை உரசாத குறை.

அப்படி இறங்கவே இறங்காதே. வண்டி உருண்டால் ஹசார்ட் விளக்கைப் போட்டு வலது ஓரத்துக்கோ, ஃப்ரீவேயை விட்டு இறங்கும் அடுத்த வழிக்கோ கொண்டுபோய்விடு. போலீஸ் வரும்வரை வண்டியை அசைக்கக் கூடாது என்பதெல்லாம் சின்ன இடிக்கு இங்கே கிடையாது. உருளாவிட்டால் பெல்ட்டோடு உள்ளேயே இருந்து அவசர எண் 911-ஐக் கூப்பிடு. ஓரத்தில் நின்றபின் இறங்குவதானால் வலது பக்கக் கதவு வழியாக இறங்கு. நின்ற வண்டியைப் பார்க்காமல் வருகிறவன் கொடுக்கும் இரண்டாவது இடிதான் ஆளைக் கொல்லும்.

ரேடியோவில் 'சிக் அலர்ட்' என்பார்கள். நான் 'சிக்கல் அலர்ட்' என்றே நினைத்திருந்தேன்! லாயிட் சிக்மன் என்ற ரேடியோக்காரர் 1955-இல் தொடங்கிவைத்தது. ஒரு லேனாவது அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அடைபடும் என்றால் அறிவிப்பார்கள். அன்றைக்கு அந்தச் சிக்கல் நான்தான்.

ஃப்ரீவே சர்வீஸ் பேட்ரோல் இழுவை வண்டி வந்து காரை ஃப்ரீவேக்கு வெளியே விட்டது. காசு கிடையாது. இருபது டாலர் நீட்டினேன், அந்த ஆள் வாங்கவில்லை. ஆனால் கூப்பிடாமலே வந்து நிற்கும் தனியார் இழுவை வண்டியில் மட்டும் ஏற்றிவிடாதே. அப்புறம் காரை மீட்கச் சொத்தை எழுதவேண்டியிருக்கும்.

இடித்தவனின் லைசென்ஸ், இன்சூரன்ஸ், நம்பர் பிளேட் எல்லாவற்றையும் படம் எடு. யாருக்காவது காயம் என்றாலோ, சேதம் 1000 டாலரைத் தாண்டினாலோ, தப்பு யாருடையதானாலும் 10 நாளுக்குள் டிஎம்விக்கு, அதாவது இங்கத்து ஆர்டிஓ ஆபீசுக்கு, எஸ்ஆர்-1 என்ற விபத்துப் படிவம் அனுப்பவேண்டும். "இன்சூரன்ஸுக்குச் சொல்லாதே, ரொக்கமாய்ப் பேசி முடி" என்று சனிக்கிழமை விருந்தில் நம் ஆட்கள் வாய் வலிக்காமல் சொல்வார்கள். நானும் கேட்டேன். இடித்தவன் கொடுத்த போன் நம்பர் மறுநாளே செத்துப்போனது. நஷ்டம் 1400 டாலர். அறிவுரை சொன்னவர் இப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

அன்று இரண்டு மணி நேரம் ஓரத்தில் நின்றேன். எல்லோரும் வேகத்தைக் குறைத்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். சின்ன வயதில் நாங்குநேரிப் பக்கம் எங்கள் பஸ் பள்ளத்தில் சாய்ந்தபோது வயலில் நின்றவர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். ஒரு ஆச்சி முந்தானையைக் கிழித்து என் நெற்றியில் கட்டி, கோலி சோடாவை உடைத்துக் கொடுத்து, "யாரு மவன்ல நீ?" என்றாள். சொன்னேன். வேறு பஸ் பிடித்து நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் விஷயம் போய்விட்டது. அம்மா தலையைக்கூட முடியாமல் ஸ்டாப்பில் நின்றிருந்தாள்.