முன்பல்லில் பீங்கான் வெனியர்: சேலம் பல் லேப்காரரின் பதில்கள்

சேலத்தில் பல் லேப் வைத்திருக்கிறேன். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து கேப், பிரிட்ஜ், வெனியர் செய்து கொடுப்பது என் தொழில். வெனியர் என்பது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டுகிற மெல்லிய ஓடு. நான் டாக்டர் இல்லை. வாயைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டியதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். எங்கள் மேசையிலிருந்து தெரிகிறதை மட்டும் சொல்கிறேன்.

அண்ணா, தை மாதம் எனக்குக் கல்யாணம். மேல் முன்பல் ஆறுக்கும் வெனியர் போடலாம் என்று இருக்கிறேன். பல்லை ராவுவார்கள் என்கிறார்களே, எவ்வளவு ராவுவார்கள்? எத்தனை நாள் ஆகும்? (அம்மாப்பேட்டை)

ராவுவது பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். கை நகத்தின் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் ராவிய எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேல்படலம், திரும்ப வளராதும்மா. பிடிக்கவில்லை என்று வெனியரைக் கழற்றிவிட்டுப் பழைய பல்லோடு இருக்க முடியாது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10, 15 வருடம் வரும், அப்புறம் மாற்ற வேண்டியிருக்கும். கல்யாண வயதில் போட்டால் வாழ்நாளில் இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டி வரலாம். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

பல்லில் கை வைக்கும் முன் ‘மாக்-அப்’ கேளுங்கள். உங்கள் பல் அச்சின் மேல் நாங்கள் மெழுகில் புதுப் பல்லை வடித்துக் கொடுப்போம். அதிலிருந்து டாக்டர் ஒரு பிளாஸ்டிக் மாதிரியை உங்கள் பல்லின் மேலேயே தற்காலிகமாக வைத்துக் காட்டுவார். கண்ணாடியில் சிரித்துப் பார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள், பேசிப் பாருங்கள். ‘வவ்வால்’, ‘வெள்ளி விளக்கு’ என்று நாலு முறை சொல்லுங்கள். ‘வ’ சொல்லும்போது மேல்பல் நுனி கீழ் உதட்டைத் தொடும். பல் நீளம் கூடிப்போனால் அந்த இடத்தில் இடிக்கும், நமக்கே தெரிந்துவிடும். போட்டோவில் அழகாக இருந்து பேச்சில் இடித்த மாதிரிகளைத் திருப்பி வாங்கி நுனியைக் குறைத்துக் கொடுத்திருக்கிறோம். மெழுகு என்பதால் முடிந்தது. பீங்கானை ஒட்டிய பிறகு அத்தனை சுலபமில்லை.

நாள் கணக்கு என்றால், அச்சு எடுத்ததிலிருந்து ஒட்டுவது வரை இரண்டு மூன்று வாரம். ஈறில் ரத்தம் கசிந்தால் முதலில் அதைச் சரிசெய்வார்கள், ஈரத்தில் பசை பிடிக்காது. தையில் கல்யாணம் என்றால் கார்த்திகையிலேயே முடித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் பத்திரிகை வைக்கும் அலைச்சலோடு சேர்த்துச் செய்கிற வேலை இல்லை இது.

ஐயா, எங்கள் ஊரில் சின்ன வயதிலிருந்தே போர் தண்ணீர்தான். எனக்கு முன்பல்லில் பழுப்புக் கோடு கோடாக இருக்கிறது. இதற்கு வெனியர்தான் வழியா? தங்கைக்கு ஐந்து வயது, அவளுக்கும் இப்படி வருமா? (ஓமலூர் பக்கம்)

இது தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு செய்கிற வேலையாக இருக்கலாம். நம் பக்கம், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் பாறையிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் இறங்குகிற பகுதிகள். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுவந்த ஒகேனக்கல் திட்டமே இந்தப் பிரச்சினையை வைத்துத்தான் வந்தது. 2013-ல் தொடங்கி வைத்தார்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு.

கறை பல்லின் மேல் ஒட்டியது இல்லை, பல் உருவாகும்போதே உள்ளே பதிந்தது. அதனால்தான் எந்தப் பேஸ்ட்டுக்கும் போகாது. முன்பல்லின் எனாமல் ஈறுக்குள் உருவாகிற சின்ன வயதில் குடித்த தண்ணீர்தான் கணக்கு. உங்களுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது, இனி தண்ணீர் மாற்றினாலும் இருக்கிற கோடு போகாது. தங்கைக்கு இன்னும் பல பற்கள் உருவாகிக்கொண்டிருக்கின்றன, தண்ணீரை இன்றைக்கே மாற்றுங்கள். காய்ச்சிக் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும், அளவு இன்னும் கூடத்தான் செய்யும். ஆர்ஓ வடிகட்டினால் குறையும். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

உங்கள் பல்லுக்கு வெனியர் முதல் வழி இல்லை. கோடு மேலாக இருந்தால் மைக்ரோ அப்ரேஷன் என்று மேல்படலத்தை மிக லேசாகத் தேய்த்து எடுப்பார்கள், அதோடு பிளீச்சிங், அதற்கும் போகாவிட்டால் மிஞ்சுகிற வெள்ளைத் திட்டுக்குள் ரெசின் என்ற பிசினை ஊற வைப்பது. பலருக்கு இவற்றிலேயே மனசு திருப்தி ஆகிவிடுகிறது. பல்லில் குழி விழுந்து, கறை அடர்ந்து இருந்தால்தான் பீங்கான். அப்போதும் ஒரு சிக்கல்: மெல்லிய பீங்கான் வழியாக உள்ளே இருக்கும் பழுப்பு தெரியும். மறைக்க வேண்டுமென்றால் நாங்கள் ஒளி ஊடுருவாத பீங்கானைத் தடிமனாகச் செய்ய வேண்டும், அந்தத் தடிமனுக்கு இடம் வேண்டி டாக்டர் கூடுதலாக ராவ வேண்டும். ஃபுளோரைடு ஏறிய எனாமலை ஆசிட் வைத்துச் சொரசொரப்பாக்குவதும் கொஞ்சம் கஷ்டம், பசை பிடிக்கிறதுக்குக் கூடுதல் கவனம் தேவை. இந்த அனுபவம் உள்ள டாக்டர்கள் நம் மாவட்டத்தில் நிறையவே இருக்கிறார்கள், விசாரித்துப் போங்கள்.

அண்ணே, இருப்பதிலேயே வெள்ளையான கலர் கேட்டேன். டாக்டர் வேண்டாம் என்கிறார். காசு கொடுப்பது நான்தானே? (ஐந்து ரோடு)

காசு உங்களுடையதுதான், ஆனால் நான் டாக்டர் பக்கம். ஏ1-லிருந்து டி4 வரை 16 நிறம் உள்ள ஷேடு அட்டை ஒன்று எல்லா கிளினிக்கிலும் இருக்கும். அதையும் தாண்டிய பிளீச் வெள்ளைகளும் உண்டு, நீங்கள் கேட்பது அதுவாக இருக்கும். நிஜப் பல் ஒரே நிறத்தில் இருக்காது. ஈறு பக்கம் மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக, நடுவில் வெளுத்து, நுனியில் லேசான சாம்பல் நீலமாக ஒளி உள்ளே போய் வரும். நாங்கள் பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய பிரஷ்ஷால் படலம் படலமாக வைத்து, 900 டிகிரியை ஒட்டிய சூட்டில் சுடுவது இதைக் கொண்டுவரத்தான். சுட்டால் சுருங்கும் என்பதால் முதலில் பெரிதாகவே கட்டுவோம். நீங்கள் கேட்கிற வெள்ளையில் இத்தனைக்கும் வேலை இல்லை. மேலே ஆறு பல் டியூப்லைட் மாதிரி, பக்கத்துப் பல்லும் கீழ்ப்பல்லும் சொந்த நிறத்தில். சிரித்தால் அந்த எல்லைக்கோடுதான் முதலில் கண்ணில் படும்.

வெளுப்பு வேண்டுமானால் முதலில் எல்லாப் பல்லையும் பிளீச் செய்துகொள்ளுங்கள், இரண்டு வாரம் விட்டு அதற்கு ஏற்ற ஷேடில் வெனியர். வரிசை மாறக் கூடாது, பீங்கானைப் பின்னால் பிளீச் செய்ய முடியாது. ஷேடு பார்க்கப் போகும்போது பகலில் போங்கள், ஜன்னல் ஓரம் உட்காருங்கள், லிப்ஸ்டிக் வேண்டாம். வாயை ரொம்ப நேரம் திறந்து வைத்துப் பல் காய்ந்துவிட்டால் இருப்பதைவிட வெளுப்பாகக் காட்டும், அதனால் இருக்கையில் உட்கார்ந்ததும் ஷேடு பார்த்துவிடச் சொல்லுங்கள்.

ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை. நாளைக்கு ஐந்தாறு டம்ளர் காபி. வெனியரில் கறை பிடிக்குமா?

பீங்கான் மேல் பிடிக்காது. ஓரத்தில் பசைக்கோடு இருக்கும், வருடக்கணக்கில் அது கறுக்கலாம். விலை குறைவு என்று காம்போசிட் (பல் நிறத்துப் பிசின்) வெனியர் போட்டால் கறை பிடிக்கும், அவ்வப்போது பாலிஷ் போட வேண்டும். காபியைக் குறைக்கச் சொல்ல மாட்டேன், உங்கள் மலைக் காபிக்கு நானும் வாடிக்கைக்காரன்.

வெனியர் போட்டால் தட்டுவடை செட் சாப்பிடக் கூடாதாமே? சேலத்தில் இருந்துகொண்டு எப்படிங்க? (குகை)

யார் சொன்னது! தட்டுவடை செட்டை யாரும் முன்பல்லால் கரும்பு கடிப்பது போல் இழுத்துக் கடிப்பதில்லை, முழுசாக வாயில் போட்டுக் கடைவாயில் அரைக்கிறோம். தாராளமாகச் சாப்பிடுங்கள். பீங்கான் நேரே அமுக்கினால் தாங்கும், வளைத்தால் உடையும். அதனால் ஆபத்து வேறு இடத்தில்: பல்லால் நூல் அறுப்பது, ஷாம்பு பாக்கெட் கிழிப்பது, நகம் கடிப்பது. தையல் வேலை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், இரவில் போட்டுக்கொள்ள ‘நைட் கார்டு’ என்று பல்லை மூடும் ஒரு உறை செய்து தருவார்கள். அது இல்லாமல் போட்டால் எங்களுக்கு ரிப்பேர் வருமானம்தான்.

என் மகனுக்கு 15 வயது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து, ஒன்று கொஞ்சம் திரும்பியும் இருக்கிறது. கிளிப் போட்டால் ஒன்றரை வருடம் ஆகும் என்கிறார்கள். வெனியர் என்றால் சீக்கிரம் முடியுமே? (சூரமங்கலம்)

வேண்டாம் அக்கா, கிளிப் போடுங்கள். அந்த வயதில் பல்லின் உள்ளே நரம்பு பெரிதாக இருக்கும், ஈறும் இன்னும் நிலைத்திருக்காது. திரும்பிய பல்லை வெனியரில் நேராகக் காட்ட நல்ல எனாமலை நிறைய ராவ வேண்டியிருக்கும்.

பார்லரில் ‘இன்ஸ்டன்ட் வெனியர்’ ஒரு மணி நேரத்தில் போடுகிறார்களாம். எப்படி?

போகாதீர்கள். பல்லில் கை வைப்பவர் பதிவு பெற்ற பல் மருத்துவராக இருக்க வேண்டும். பணம்தான் யோசனை என்றால் அரியானூர் பக்கம் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி மருத்துவமனைகளில் பொதுவாகச் செலவு குறையும், நேரம்தான் கூடப் பிடிக்கும். எங்கே போனாலும் பல்லுக்கு இவ்வளவு என்று சொல்லும் தொகையில் மாக்-அப்பும் தற்காலிகப் பல்லும் அடக்கமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணா, போன வாரம் ஒரு வெனியர் அப்படியே கழன்று கையோடு வந்துவிட்டது. கடையில் விற்கிற பசையால் ஒட்டிக்கொள்ளலாமா? (ஃபேர்லேண்ட்ஸ்)

கூடவே கூடாது. அந்தப் பசை காய்ந்தால் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் பீங்கான் உடைந்துவிடும். ஒரு சின்ன டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். உடையாமல் இருந்தால் பெரும்பாலும் அதையே திரும்ப ஒட்டலாம். உள்பக்கத்தைச் சுரண்டியோ தேய்த்தோ சுத்தம் செய்யாதீர்கள். பழைய பசை பல்லில் நிற்கிறதா, பீங்கானில் நிற்கிறதா என்று பார்த்தால் ஏன் கழன்றது என்று ஓரளவு தெரியும். பல்லில் நின்றால் பீங்கான் பக்கத்துத் தயாரிப்பில் குறை, அது எங்கள் வேலையாகவும் இருக்கலாம். பீங்கானில் நின்றால் பல் பக்கம், பெரும்பாலும் எனாமல் தாண்டி ராவிய இடம். டாக்டர் பார்த்துவிட்டு லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.