எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஸ்கேனும் வேண்டுமா?

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு 11 வயது. இரண்டு நாளாகத் தண்ணீர் குடித்தாலும் வாந்தியெடுக்கிறான். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "குடலில் காற்று நிறைய இருக்கு, அடைப்பா இருக்கலாம்" என்று சொல்லி வயிற்று ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார். பில்லை ஏற்றுகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. - வாசகர், சென்னை

பதில்: சந்தேகம் வருவது சகஜம். ஆனால் உங்கள் நாயின் வயதுக்கு, இந்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வீண் செலவு இல்லை.

எலும்புத் துண்டு, கல், நாணயம் என்றால் எக்ஸ்ரேயிலேயே பளிச்சென்று தெரிந்துவிடும். துணி, பிளாஸ்டிக் கவர் போன்றவை பெரும்பாலும் அதில் சிக்காது. அப்போது டாக்டர் குடலின் வீக்கத்தை வைத்துத்தான் ஊகிக்கிறார். அடைப்புக்கு முன்னால் உள்ள பகுதி காற்றும் நீரும் சேர்ந்து உப்பியிருக்கும். சிறுகுடலின் அகலம் ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பின் உயரத்தைப் போல 1.6 மடங்கைத் தாண்டினால் சந்தேகப்படுவார்கள். ஆனால் சாதாரணக் குடல் அழற்சியிலும் கொஞ்சம் உப்பும் என்பதால், இதை மட்டும் நம்பி வயிற்றைத் திறக்கத் தயங்குவார்கள். அது நியாயமான தயக்கம்தான்.

குட்டி நாய் என்றால் எதையாவது விழுங்கியிருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். வயதான நாயில் குடல் கட்டியையும் யோசிக்க வேண்டும். குடல் சுவரில் உள்ள அடுக்குகளையே ஸ்கேனில் பார்க்கலாம். அவை கலைந்து சுவர் தடித்திருந்தால் கட்டியாக இருக்கலாம். குடலுக்குள் குடல் சொருகியிருந்தால் வளையத்துக்குள் வளையமாகத் தெரியும். கல்லீரல், நிணநீர் முடிச்சுகள் எப்படி இருக்கின்றன என்பதையும் பார்த்துவிடலாம். கணையம் வீங்கினாலும் இதே வாந்திதான் வரும். அதற்குப் பெரும்பாலும் ஆபரேஷனே தேவைப்படாது. மேசையில் படுக்க வைக்கும் முன் இதெல்லாம் தெரிவது நல்லதுதானே?

பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். எக்ஸ்ரே எத்தனை கோணத்தில் எடுத்தார்கள்? ஒரே படம் போதாது. இரண்டு பக்கமும், மல்லாத்தியும் எடுப்பது நல்லது. அடுத்து, ஸ்கேன் எடுப்பவர் தினமும் விலங்குகளுக்கு எடுப்பவரா? இது ரொம்ப முக்கியம். ஸ்கேன் முழுக்கக் கைப்பழக்கம், போதாததற்குக் காற்று வேறு மறைக்கும். எடுத்த எடுப்பில் சிடி ஸ்கேன் என்றால் மட்டும் ஏன் என்று விளக்கம் கேளுங்கள். ஆனால் கட்டி என்று சந்தேகம் வந்து, பரவியிருக்கிறதா பார்க்க நெஞ்சு எக்ஸ்ரே கேட்டால் மறுக்காதீர்கள்.

செலவுதான் கவலை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். கூட்டம் இருக்கும், காலையிலேயே போங்கள். எடுத்த எக்ஸ்ரே படங்களைக் கேட்டு வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். அதுவரை வீட்டு வைத்தியமாக விளக்கெண்ணெய் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். நாய் சுருண்டு படுத்து ஈறு வெளுத்திருந்தால் ஸ்கேன், செலவு என்று யோசிக்க நேரமில்லை, இன்றே கிளம்புங்கள்.