எதில் பயம்? பேச்சுப் பயிற்சி டீச்சரிடம் கேள்வி பதில்

ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் தன்னம்பிக்கை பற்றி இங்கே இணையத்தில் நீங்கள் எழுதிக் கேட்பதற்குப் பதில் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறேன். என்னைத் தெரியாதவர்களுக்காக: அரசுப் பள்ளியில் 31 ஆண்டு தமிழாசிரியை. அதில் பாதிக் காலம் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்வதிலேயே போயிற்று. ஓய்வுக்குப் பிறகு மொட்டைமாடியில் மாலை நேரப் பேச்சுப் பயிற்சி நடத்துகிறேன். உளவியலை ஆர்வத்தால் படித்தேன், மருத்துவர் இல்லை. கேட்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். "எனக்குத் தன்னம்பிக்கை இல்லை" என்று மொட்டையாக எழுதாதீர்கள். எதில் இல்லை என்று எழுதுங்கள்.

கடைசி பெஞ்ச்: டீச்சர், எனக்குத் தன்னம்பிக்கையே இல்லை. என்ன செய்யலாம்?

இப்போதுதானே சொன்னேன்! சரி, முதல் கேள்வி என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். உங்களுக்கு பைக் ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். காலையில் சாவியை எடுக்கும்போது "என்னால் முடியுமா" என்று யோசிக்கிறீர்களா? இல்லை. அப்படியானால் அதில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் இதைத்தான் எழுதினார். ஒரு குறிப்பிட்ட வேலையை என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை வேறு, "நான் நல்லவன், வல்லவன்" என்ற பொதுவான நினைப்பு வேறு. முதலாவதற்கு நான்கு ஊற்றுகள் என்றார். தானே செய்து பார்த்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தது, பிறர் ஊக்கமாகச் சொன்னது, தன் உடம்பின் நிலை. இவற்றில் தானே செய்து பார்த்ததற்குத்தான் வலு அதிகம். பிறர் சொல்லி வருவது சீக்கிரம் கரைந்துவிடும். பாம்புக்குப் பயந்தவர்களை வைத்தும் அவர் ஆய்வு செய்திருக்கிறார். அடுத்தவர் பாம்பைத் தொடுவதைப் படத்தில் பார்த்தவர்களை விட, பக்கத்தில் ஒருவர் நின்று காட்ட, தாங்களும் படிப்படியாகத் தொட்டுப் பார்த்தவர்களுக்கே பயம் நன்றாகத் தெளிந்தது.

ஆகவே, எதில்? அதை எழுதிவிட்டு மறுபடி வாருங்கள்.

வரவேற்புரை: குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவில் வரவேற்புரை என் தலையில் விழுந்திருக்கிறது. மைக்கைப் பிடித்தால் கை நடுங்கும், தொண்டை வறண்டுவிடும். இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது.

இது என் பேட்டை. எட்டாம் வகுப்பில் ஆண்டு விழா மேடையில் நான்கு வாக்கியம் பேசிவிட்டு ஐந்தாவது மறந்து, "நன்றி, வணக்கம்" என்று இறங்கி ஓடியவள் நான். தலைமை விருந்தினர் கைதட்ட எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். நான் செய்த தப்பு, வரிக்கு வரி மனப்பாடம் செய்தது. மனப்பாடப் பேச்சு கோத்த மணி மாதிரி, ஒன்று நழுவினால் எல்லாம் கொட்டும். முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் என்னென்ன சொல்ல வேண்டும் என்பதை ஐந்தாறு சொற்களாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதைத் தாளில் எழுதாதீர்கள். தாள் நடுங்குவது கடைசி வரிசைக்கும் தெரியும், அதைப் பார்த்து நீங்கள் இன்னும் நடுங்குவீர்கள். கல்யாணப் பத்திரிகை அட்டையின் பின்பக்கம் போதும். மைக் வாயிலிருந்து ஒரு முஷ்டி தூரத்தில் இருக்கட்டும். முந்தைய நாளோ, விழா தொடங்கும் முன்போ, காலி நாற்காலிகளுக்கு எதிரே நின்று ஒரு முறை பேசிவிடுங்கள். மேடை ஏறுமுன் மூச்சை இழுப்பதை விட விடுவதை நீளமாக வைத்துக்கொள்ளுங்கள், படபடப்பு தணியும். முழுவதும் போகாது, போகவும் வேண்டாம். எனக்கு இன்றைக்கும் முதல் நிமிடம் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

நம் ஊரில் ஒரு வசதி உண்டு. "விழாவுக்குத் தலைமை தாங்கும்" என்று தொடங்கி ஒவ்வொருவராக விளிக்கிறோமே, கேட்பவர்களுக்கு அது கொட்டாவி. பேசுகிறவருக்கோ நாக்கைப் பழக்கிக்கொள்ள அரை நிமிடம் கிடைக்கிறது. பெயர்களை மட்டும் அட்டையில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், செயலாளர் பெயரை விட்டுவிட்டால் அப்புறம் தண்ணீர் வராது.

வள்ளுவரும் அவையறிதலை 72ஆம் அதிகாரமாக வைத்துவிட்டு, அடுத்துத்தான் அவையஞ்சாமைக்கு வருகிறார். யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். உங்கள் விஷயத்தில் எல்லாரும் மாடிப்படியில் பார்க்கும் முகங்கள்தானே.

அவசரம்: 7 நாளில் தன்னம்பிக்கை வளர்க்க வழி உண்டா?

இல்லை.

எட்டாயிரம்: நட்சத்திர ஓட்டலில் இரண்டு நாள் முகாம், கட்டணம் 8,000 ரூபாய். கடைசி நாள் நெருப்பின் மேல் நடக்க வைப்பார்களாம். நடந்துவிட்டால் வாழ்க்கையில் எந்தப் பயமும் இருக்காது என்கிறார்கள். போகலாமா?

காசு கட்டாதீர்கள். நம் அம்மன் கோயில்களில் ஆடி மாதம் எத்தனை பேர் பூக்குழி இறங்குகிறார்கள்! மறுநாள் அவர்களில் யாராவது மேலதிகாரியிடம் போய்ச் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கரியும் சாம்பலும் வெப்பத்தை மெதுவாகக் கடத்துபவை, கால் படுவதும் நொடிப் பொழுது. அதனால் பெரும்பாலும் தப்பிக்கிறார்கள். எப்போதும் அல்ல, கால் வெந்தவர்களும் உண்டு. நெருப்பில் நடந்தால் நெருப்பில் நடப்பதில் நம்பிக்கை வரும். முகாம் முடிந்த அன்று இரவு உலகையே வெல்லலாம் போல இருக்கும். புதன்கிழமைக்குள் வடிந்துவிடும். வடிந்ததும் "எனக்கு இதுவும் பலிக்கவில்லை" என்று ஒரு புது வருத்தம் சேரும். அதற்கு அடுத்த நிலை முகாம் என்று ஒன்று வைத்திருப்பார்கள், அது இன்னும் விலை கூட.

கண்ணாடி: தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று "நான் சிறந்தவன்" என்று சொல்லச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல எனக்கு அழுகைதான் வருகிறது.

நிறுத்திவிடுங்கள். உங்களிடம் கோளாறு இல்லை. ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2009இல் இதைச் சோதித்தார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு அப்படிச் சொல்வது கொஞ்சம் உதவியது. தாழ்வாக நினைப்பவர்களில் அப்படிச் சொன்னவர்களுக்கு, சொல்லாதவர்களை விட மோசமாக இருந்தது. வாய் ஒன்று சொல்ல, உள்ளே இருக்கும் ஆள் "பொய்" என்று எதிர்வழக்காடுகிறான். அதற்குப் பதில் அன்றைக்குச் செய்து முடித்த ஒரு வேலையை இரவில் ஒரு வரி எழுதுங்கள். "இன்று வங்கியில் போய்க் கேட்டேன்" என்பது போல. நடந்ததை எவனும் மறுக்க முடியாது.

முதல் பட்டதாரி: இன்ஜினியரிங் கடைசி வருடம், மெக்கானிக்கல். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. ஊரில் வாய் மூடாமல் பேசுவேன். கேம்பஸ் இன்டர்வியூவில் குரூப் டிஸ்கஷனில் ஒரு வார்த்தை வரவில்லை. எல்லாரும் "உனக்குக் கான்ஃபிடன்ஸ் இல்லை" என்கிறார்கள்.

"எதில்" என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள் தம்பி, அதற்கே பாதி மதிப்பெண். ஊரில் வாய் மூடாமல் பேசுகிறவனுக்கு எப்படி நம்பிக்கை இல்லாமல் போகும்? உங்களிடம் குறைவது ஆங்கிலத்தில் பேசிய பழக்கம். அது ஒரு திறமை, நேரம் கொடுத்தால் வரும். அதைக் குணக்கேடு போலச் சொல்லி உங்களைச் சுருங்க வைத்துவிட்டார்கள்.

கொங்குக்காரன்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவன். உடைந்த ஆங்கிலம் பேசுகிறவர்களையும் எடுக்கிறோம். தைரியமாகப் பேசினால் போதும். பிரச்சினை மொழி இல்லை டீச்சர், தன்னம்பிக்கைதான்.

உடைந்த ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னவுடன் எதிரே நான்கு பேர் உதட்டோரம் சிரித்தால், அடுத்த வாக்கியம் எங்கிருந்து வரும்? வீட்டில் ஆங்கில நாளிதழ் கிடந்த பிள்ளைக்கு அந்தத் தைரியம் சும்மா வந்தது. அவன் பத்து வயதிலிருந்து தப்புத் தப்பாகப் பேசிப் பழகி முடித்துவிட்டான், யாரும் சிரிக்கவில்லை. இவன் அந்தத் தப்புகளை 21 வயதில், வேலை கொடுக்கிறவர் முன்னால் செய்ய வேண்டியிருக்கிறது.

நகரத்துப் பையன்: டீச்சர் தமிழாசிரியை, அதனால் ஆங்கிலத்தைக் குறைத்துப் பேசுகிறார்.

எங்கே குறைத்தேன்? நேரம் கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டிய திறமை என்றேன். என் மகளை ஆங்கிலம் படிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

தமிழ்த்தேனீ: எதற்கு ஆங்கிலம்? ஜப்பான்காரன் தாய்மொழியில் படித்து முன்னேறவில்லையா?

ஜப்பானை இன்னொரு நாள் பார்ப்போம். தம்பிக்கு அடுத்த மாதம் இன்டர்வியூ இருக்கும்.

கொங்குக்காரன்: சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். போன வருடம் ஒரு பையன் ஆங்கிலத்தில் திணறினான். "தமிழிலேயே சொல்லுப்பா" என்றேன். பம்ப்செட் புராஜெக்ட் பற்றிப் பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினான். எடுத்தோம், நன்றாக வேலை செய்கிறான்.

பார்த்தீர்களா! அன்று அந்தப் பையனுக்குத் திடீரென்று தன்னம்பிக்கை முளைத்ததா? நீங்கள் மொழியை மாற்றினீர்கள், அவ்வளவுதான். எல்லா இடத்திலும் உங்களைப் போன்றவர் உட்கார்ந்திருக்க மாட்டார் என்பதால் தம்பிக்கு ஒரு வழி சொல்கிறேன். உங்கள் புராஜெக்ட்டை முதலில் வீட்டில் ஒருவருக்குத் தமிழில் சொல்லுங்கள், அவருக்குப் புரியும் வரை. பிறகு அதையே பன்னிரண்டு சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள். ஒரு நண்பனை உட்காரவைத்து, தினமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். குரூப் டிஸ்கஷனில் முதலில் பேச வேண்டாம். இரண்டு பேர் பேசியதும், அவர்களில் ஒருவர் சொன்னதை எடுத்துக்கொண்டு ஒரு வாக்கியம் சேருங்கள். ஒரு வாக்கியம்தான் முதல் நாள் இலக்கு. கல்லூரியில் "நான் முதல்வன்" திட்டத்தில் இலவசப் பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள். வெளியே 20,000 கேட்கும் ஆளுமைத் திறன் வகுப்புக்குக் காசு கட்டாதீர்கள்.

இந்த விவாதத்தில் இன்னும் நாற்பது பதிவுகள் வந்துவிட்டன, ஜப்பான் உட்பட. நான் அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

சூப்பர்மேன்: இடுப்பில் கை வைத்து இரண்டு நிமிடம் கம்பீரமாக நின்றால் ஹார்மோன் மாறித் தைரியம் வருமாமே?

2010இல் 42 பேரை வைத்துச் செய்த ஆய்வு அது. 2015இல் 200 பேரை வைத்துச் செய்து பார்த்தபோது ஹார்மோன் எதுவும் மாறவில்லை. முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரே அடுத்த ஆண்டு அதில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டார். நிமிர்ந்து நிற்பது நல்லதுதான், முதுகுக்கு.

தூக்கம் வராதவள்: ஒரு கல்யாணத்தில் புடவையில் சாம்பார் கொட்டிவிட்டது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அதிலிருந்து விசேஷங்களுக்குப் போகவே கூச்சம்.

எல்லாரும் பார்க்கவில்லை அம்மா. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு ஒரு பாடகர் படம் போட்ட, போட்டுக்கொள்ளக் கூச்சப்படும்படியான பனியனை மாட்டி, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். 2000இல் வெளிவந்த ஆய்வு. பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். கல்யாணத்தில் மற்றவர்களுக்குத் தங்கள் புடவை, தங்கள் நகை, பந்தியில் இடம் என்று ஆயிரம் கவலை. அடுத்த விசேஷத்துக்குப் போய் அரை மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள்.

டிப்ஸ் ப்ளீஸ்: பயம் போக டிப்ஸ் சொல்லுங்க டீச்சர்.

எதில்?

புதியவன்: தன்னம்பிக்கைக்கு நல்ல கோர்ஸ் எது?

மேலே படியுங்கள். காசு கட்டாதீர்கள்.

அம்மா: என் மகன் மூன்றாம் வகுப்பு. "நீ ரொம்ப புத்திசாலி" என்று அடிக்கடி சொல்லி வளர்க்கிறேன். ஆனால் கஷ்டமான கணக்கைத் தொடவே மாட்டேன் என்கிறான்.

அதனாலேயே இருக்கலாம். 1998இல் முல்லர், டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்தது இது. புத்திசாலி என்று புகழப்பட்டவர்களில் பலர் சுலபமான புதிர்களையே தேடினார்கள். நன்றாக முயன்றாய் என்று சொல்லப்பட்டவர்கள் கடினமானவற்றையும் எடுத்தார்கள். புத்திசாலிப் பட்டம் பறிபோய்விடுமோ என்ற பயம் குழந்தைக்கும் உண்டு. "மூன்று தடவை அழித்து எழுதினாயே, அது எனக்குப் பிடித்தது" என்று சொல்லிப் பாருங்கள். பொய்யாகச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவான்.

பெயர் வேண்டாம்: ஏழு மாதமாக வீட்டை விட்டு வெளியே போகவில்லை. யாராவது போன் செய்தாலே நெஞ்சு அடைக்கிறது. சாப்பாடும் தூக்கமும் இல்லை.

இது என் மொட்டைமாடி வகுப்பில் தீர்கிற விஷயம் இல்லை. உங்கள் தைரியக் குறைவும் இல்லை. சிகிச்சை உண்டு, குணமானவர்கள் நிறையப் பேர். 14416 என்பது மனநல உதவிக்கான அரசின் டெலி மனஸ் எண், கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். போன் செய்வதே கஷ்டம் என்கிறீர்கள், வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி இன்றைக்கே செய்யுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கும். இதற்கு மட்டும் நாளை வரை காத்திருக்காதீர்கள்.

இளம் வக்கீல்: முதல் வழக்கில் வாயே திறக்கவில்லை. தொழிலை விட்டுவிடலாமா?

காந்தி பம்பாய்ச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார், தலை சுற்றியது, கேள்வி வரவில்லை, உட்கார்ந்துவிட்டார். 30 ரூபாய்க்குப் பேசிய வழக்கு இன்னொரு வக்கீலிடம் போனது. 1893இல் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்கள் முன் பேசியதைத்தான் தன் முதல் பொதுப் பேச்சு என்கிறார். அதற்கு விஷயத்தைத் தயார் செய்துகொண்டு போனார். உங்கள் அடுத்த வாய்தா எப்போது? வழக்குக் கட்டை எடுத்து வைத்துப் படியுங்கள்.

மணி நான்கு. மாடியில் துணி எடுக்க வேண்டும், மேகம் கறுக்கிறது. கடைசியாக ஒன்று.

முதல் பட்டதாரி: டீச்சர், நீங்கள் சொன்னபடி இப்போதே அப்பாவிடம் என் புராஜெக்ட்டைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். பாதியில் தூங்கிவிட்டார்.

எந்த இடத்தில் தூங்கினார் என்று குறித்துக்கொண்டீர்களா? அங்கிருந்து மாற்றி எழுதுங்கள். எழுந்ததும் காபி கொடுத்துவிட்டு மறுபடி சொல்லுங்கள்.