ஐந்தாவது கட்டமும் அம்மாவும்

கேள்வி: நான் ஆசிரியர் பயிற்சி மாணவி. கற்பித்தல் பயிற்சியில் எட்டாம் வகுப்புக்கு நிலையான வளர்ச்சி பற்றிப் பாடம் எடுத்தேன். மரம் நடுவது, பிளாஸ்டிக் ஒழிப்பு, தண்ணீர்ச் சிக்கனம் எல்லாம் சொன்னேன். அதற்கான ஐ.நா.வின் 17 இலக்குகளுக்கும் கட்டம் போட்டுப் பெரிய சார்ட். அம்மா ராத்திரி 2 மணி வரை உட்கார்ந்து வெட்டி ஒட்டிக் கொடுத்தார். மேற்பார்வைக்கு வந்தவர்கூடப் பாராட்டினார். ஆனால் ஒரு பையன் எழுந்து, "புகை விடுற ஃபேக்டரியை மூடணும்னு சொல்றீங்க மிஸ், எங்கப்பா அங்கதான் வேலை பாக்குறாரு. மூடிட்டா நாங்க என்ன பண்றது?" என்றான். "அது பாடத்தில் இல்லை, உட்கார்" என்றேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை. இந்தப் பாடம் எடுக்க எனக்குத் தகுதி இல்லையோ?

பதில்: தகுதியை அப்புறம் பார்ப்போம். ராத்திரி 2 மணிக்கு வருகிறேன்.

அம்மா கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? மறுநாள் காலை வீட்டில் யார் முதலில் எழுந்தது? பாராட்டு வாங்கியதை வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி, அதுவும் சார்ட்டின் அழகைச் சொல்வதற்காக.

அந்தச் சார்ட்டின் ஐந்தாவது கட்டம் பாலினச் சமத்துவம். 2015-ல் ஐ.நா. நாடுகள் ஏற்ற அந்த 17 இலக்குகளுக்குக் கீழே 169 உள் இலக்குகள் உண்டு. அவற்றில் 5.4 என்ன சொல்கிறது? சம்பளமில்லாத வீட்டு வேலையை, பராமரிப்பு வேலையை வேலையாக மதிக்க வேண்டும். வீட்டுப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்கிறது. அந்தக் கட்டத்தைத் தூக்கம் கெட்டு ஒட்டியவரே அதற்கு உதாரணம். உங்கள் கண்ணில் படவில்லை. பெற்றவள் பிள்ளைக்குச் செய்வாள்தான். வகுப்பெடுக்கப் போகும் வயதில் அதைக் கை நீட்டி வாங்கிக்கொண்டே இருப்பது தப்பு. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

பயிற்சியில் இருப்பவர்கள் எழுதும் கடிதங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நிலையான வளர்ச்சி என்றால் மரம், குப்பை, தண்ணீர்க் குழாய். மனிதர்களைக் காணோம். 1987-ல் ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையம் நிலையான வளர்ச்சிக்குக் கொடுத்த விளக்கத்தை எல்லோரும் மனப்பாடமாக ஒப்பிக்கிறீர்கள்: வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்குக் குந்தகம் இல்லாமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றிக்கொள்வது. அதற்கு அடுத்து வருவதை யாரும் படிப்பதில்லை. "தேவை" என்று சொல்லும்போது உலகின் ஏழைகளுடைய அடிப்படைத் தேவைகளுக்கே முதலிடம் என்று அங்கேயே எழுதியிருக்கிறது.

அந்தப் பையன் கேட்டதும் அதைத்தானே! பாடத்தில் இல்லை என்றீர்கள். பருவநிலை மாற்றத்தைத் தடுக்க நாடுகள் செய்துகொண்ட 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் முன்னுரையிலேயே இருக்கிறது: அதற்காகத் தொழில்கள் மாறும்போது தொழிலாளர்களுக்கு அது நியாயமாக நடக்க வேண்டும், அவர்களுக்குக் கண்ணியமான வேலை வேண்டும். உலக நாடுகள் கூடி எழுதிய விஷயத்தை ஒரு பிள்ளை தன் அப்பாவை நினைத்துக் கேட்டிருக்கிறான், நீங்கள் உட்கார வைத்துவிட்டீர்கள். வீட்டில் அம்மாவின் உழைப்பைப் பார்க்காத கண், வகுப்பில் அந்த அப்பாவின் பிழைப்பையும் பார்க்கவில்லை.

விடை தெரியாதது குற்றமில்லை. அந்தக் கேள்விக்கு முடிந்த விடை யாரிடமும் இல்லை. அதை வகுப்பின் கேள்வியாக்கியிருக்கலாம். புகையைச் சுவாசிக்கிறவர்கள் ஒரு பக்கம், அங்கே சம்பளம் வாங்குகிறவர்கள் ஒரு பக்கம், முதலாளி, இன்னும் பிறக்காத குழந்தை என்று பிள்ளைகளைப் பிரித்துப் பேசவிட்டிருந்தால் அந்த 40 நிமிஷமும் போதாது. எதைச் செய், எதைச் செய்யாதே என்ற பட்டியல் பாடமாகாது. எடைபோட்டுப் பார்த்து முடிவெடுக்கப் பழக்குவதுதான் பாடம்.

அடுத்த வகுப்புக்குச் சார்ட் வேண்டாம். வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுந்து என்னென்ன வேலை செய்கிறார்கள் என்று ஒரு நாள் முழுக்கக் குறித்துவரச் சொல்லுங்கள். முதல் குறிப்பு உங்களுடையதாக இருக்கட்டும். அதற்கு முன்னால் அந்தப் பையனிடம் போய், "நீ கேட்டது சரியான கேள்வி, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது செல்லாது, அவனை உட்கார வைத்தது எல்லோர் முன்னாலும்தான்.

அம்மாவிடம் என்ன சொல்வதென்று நான் எழுதித் தரமாட்டேன். காலையில் அவருக்கு முன்னால் எழுந்திருங்கள்.